சந்தைத் திடல் சீமான் பேட்டையான கதை

லண்டன் மாநகரில் மேபேர் என்று சொன்னால் போதும். கேட்பவர் குரலில் தானாகவே ஒரு மரியாதை வந்துவிடும். வடக்கே ஆக்ஸ்போர்டு தெரு, கிழக்கே ரீஜெண்ட் தெரு, தெற்கே பிக்கடில்லி, மேற்கே ஹைட் பூங்காவை ஒட்டிய பார்க் லேன் என நான்கெல்லைக்குள் அடங்கிய சிறு பகுதிதான். 1936-இல் வெளிவந்த மொனாபலி விளையாட்டின் லண்டன் பலகையிலும் விலை கூடிய மனை இதுவே.

இத்தனை பெருமைக்குரிய பெயர் ஒரு சந்தையின் பெயர்! மே மாதந்தோறும் இங்கே சந்தை கூடும். பொம்மலாட்டமும் குத்துச்சண்டையும் சூதாட்டமும் அமர்க்களப்படும். அக்கம்பக்கத்தில் மாளிகை கட்டிக் குடியேறிய கனவான்களுக்கு அந்த இரைச்சல் பொறுக்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே சந்தை ஒழிந்தது. பெயரை மட்டும் அவர்கள் விடவில்லை.

இந்த மண் எப்படி ஒரே குடும்பத்தின் கைக்குப் போயிற்று என்பதே நாம் கவனிக்க வேண்டிய விஷயம். 1677-இல் ஸர் தாமஸ் கிராவ்னர் என்பவர் மேரி டேவிஸ் என்ற சிறுமியை மணந்தார். மணப்பெண்ணுக்கு வயது பன்னிரண்டு. (பால்ய விவாகத்துக்காக நம்மை ஏளனம் செய்த சீமையில்தான் இதுவும் நடந்தது.) அவள் கொண்டுவந்த சொத்து சதுப்பும் மேய்ச்சல் வெளியுமான நிலம். அதில் ஏறக்குறைய 100 ஏக்கர் இன்றைய மேபேரில் இருக்கிறது. குடும்பத்தார் மனைகளை விற்கவில்லை, குத்தகைக்கு விட்டார்கள். குத்தகைதாரர் தம் பணத்தில் மாளிகை எழுப்பித் தரை வாடகையும் கொடுப்பார். தவணை முடிந்ததும் மனையோடு மாளிகையும் மண்ணுக்குடையவரிடம் திரும்பிவிடும். 1993-இல் குத்தகைதாரர் பலருக்கு மனையை விலைக்கு வாங்கும் உரிமையைச் சட்டம் அளித்தபோது, அக்குடும்பத்துக் கோமகன் அதைக் கண்டித்து கன்ஸர்வேடிவ் கட்சியிலிருந்தே விலகினார்.

மாளிகைகளின் அமைப்பைப் பாருங்கள். தெருவைப் பார்த்து உயர்ந்த ஜன்னல்களுடன் விருந்து மண்டபம். தரைக்குக் கீழே வெளிச்சம் குன்றிய சமையற்கட்டு. கூரைக்கடியில் வேலைக்காரப் பெண்களின் அறைகள். புழைக்கடைச் சந்தில் குதிரை லாயம். எஜமானர் கண்ணில் வேலைக்காரர் தேவையின்றிப் படாதபடி பின்படிகள் வேறு. அந்த லாயங்களே இன்று கோடிக்கணக்கில் விலைபோகும் வீடுகள். குதிரை இருந்த இடத்துக்கு வந்த வாழ்வு!

பெர்க்லி சதுக்கத்தின் 45-ஆம் எண் வீட்டை நம்மவர் எளிதில் கடந்து போக முடியாது. 1744-இல் சென்னைக்குக் கம்பெனிக் குமாஸ்தாவாக வந்திறங்கி, ஆற்காட்டில் பெயரெடுத்து, வங்காளத்தில் குபேரனான ராபர்ட் கிளைவ் குடியிருந்த வீடு அது. மீர் ஜாபர் அளித்த ஜாகீர் ஒன்றே ஆண்டுக்குச் சுமார் 27,000 பவுன் தந்தது. அச்செல்வம் வந்த வழியை 1773-இல் பார்லிமெண்டே விசாரித்தது. மறு ஆண்டு நவம்பரில் அவ்வீட்டிலேயே, ஐம்பது வயது நிரம்புமுன், கிளைவ் மாண்டார். கிளைவ் அங்கு வாழ்ந்ததை வாசற்பலகை சொல்கிறது. பணம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லவில்லை.

1931-இல் வட்டமேஜை மாநாட்டுக்குச் சென்ற காந்தியடிகள் இந்த மேற்குப் பகுதிகளில் தங்க இசையவில்லை. பல மைல் கிழக்கே, தொழிலாளர் வாழும் போ பகுதியில், கிங்ஸ்லி ஹாலில் ஒரு சிற்றறையே போதுமென்றார். விடியற்காலையில் அந்த ஏழைத் தெருக்களில்தான் உலாவினார்.

பழைய பிரபுக்களின் மாளிகைகள் பல 1920-களிலேயே இடிபட்டு ஹோட்டல்களாயின. இரண்டாம் உலகப் போரில் குண்டுக்கு அஞ்சி வந்த காரியாலயங்கள் பிறகு கிளம்பவே இல்லை. கிராவ்னர் சதுக்கத்தில் 1960 முதல் 2018 வரை அமெரிக்கத் தூதரகம் ஒரு பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றது. அத்தனை பெரிய வல்லரசுக்கும் அந்த மண் சொந்தமில்லை. அதுவும் கிராவ்னர் குடும்பத்துக்குத் தரை வாடகை கொடுத்தே குடியிருந்தது.