நொடித்த தேசங்களுக்கு நீதிமன்றம் எங்கே?

கடன்பட்டு நொடித்த வியாபாரிக்குச் சட்டத்தின் புகலிடம் உண்டு. கடன்பட்டு நொடித்த தேசத்திற்கு அத்தகைய புகலிடம் எதுவும் இல்லை. ஏழைத் தேசங்களின் கடனைப் பற்றி மகாநாடுகள் கூடுவதும், தீர்மானங்கள் நிறைவேறுவதும், தலைவர்கள் அனுதாபம் தெரிவிப்பதும் வெகுகாலமாக நடந்து வருகின்றன. உலகத்தில் அனுதாபத்திற்குக் குறைவில்லை. குறைவு சட்டத்தில்தான் இருக்கிறது என்பது நமது உறுதியான அபிப்பிராயம்.

கோர்ட்டு நடவடிக்கைகளை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய ராஜதானி நகரங்களுக்கு 1909-ம் வருஷத்திலேயே இன்சால்வென்சி சட்டம் ஏற்பட்டது. ஒருவனைக் கோர்ட்டார் இன்சால்வெண்டு என்று விதித்த மாத்திரத்தில், அவனைத் தனித்தனியே பிடுங்க வந்தவர்கள் தடுத்து நிறுத்தப்படுவார்கள். சொத்து ஒரே கைக்கு வரும். கடன் கொடுத்தோர் யாவரும் வீதாசாரப்படி பங்கு பெறுவார்கள். உடுக்கும் துணி, சமைக்கும் பாத்திரம், தொழிற்கருவி ஆகியவை ஓர் அளவுக்குட்பட்டு அவனுக்கே விடப்படும். ராஜாஜி மந்திரிசபை 1938-ல் நிறைவேற்றிய விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் இன்னும் ஒரு படி முன்னே சென்றது. 1937 அக்டோபர் 1-ந் தேதியில் நின்ற வட்டிப் பாக்கியை அது தள்ளுபடி செய்தது; அசலைப் போல் இரு மடங்கு ஏற்கெனவே செலுத்திவிட்ட விவசாயிக்குக் கடனே தீர்ந்தது என்றும் விதித்தது. வானம் இடிந்து விழவில்லை. அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரசபை சுமார் 1,800 கோடி டாலர் கடனுடன் 2013 ஜூலையில் திவால் மனுக் கொடுத்தது; 2014 டிசம்பரில் சுமை குறைந்து வெளிவந்தது. பதினேழே மாதங்களில் காரியம் முடிந்தது.

ஒரு நகரசபைக்குக் கிடைத்த இந்த நியாயம் ஒரு தேசத்திற்குக் கிடைத்ததா? ஜாம்பியாவின் சரித்திரத்தைப் பார்ப்போம். தாமிரச் சுரங்கங்களை நம்பி வாழும் இந்த ஆப்பிரிக்க நாடு 1964 அக்டோபர் 24-ல் பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்து விடுதலை பெற்றது. 1970-களின் மத்தியில் தாமிர விலை வீழ்ந்தது. எண்ணெய் விலையோ ஏறி நின்றது. பற்றாக்குறையை நிரப்பக் கடன்மேல் கடன் வாங்கும்படி ஆயிற்று. அவற்றில் ஒன்று, டிராக்டர் முதலிய விவசாய யந்திரங்களுக்காக 1979-ல் ருமேனியாவிடம் பெற்ற சுமார் 1½ கோடி டாலர். இருபது வருஷங்களுக்குப் பின் 1999-ல், டொனிகால் இன்டர்நேஷனல் என்ற கம்பெனி அந்தக் கடன் பாத்தியதையைச் சுமார் 33 லட்சம் டாலருக்கு விலைக்கு வாங்கிற்று. பிறகு 5½ கோடி டாலர் கேட்டு லண்டன் ஹைகோர்ட்டில் வழக்காடிற்று. 2007-ல் நீதிபதி கம்பெனித் தரப்பைக் கடிந்துரைத்த போதிலும், சட்டத்திற்குக் கட்டுப்பட்டு, ஏறத்தாழ 1½ கோடி டாலர் கொடுக்கும்படி தீர்ப்பளித்தார். நோயுற்ற மாட்டைச் சுற்றிப் பறக்கும் கழுகுகளுக்கும் இத்தகைய கம்பெனிகளுக்கும் வித்தியாசம் என்ன?

இதே காலத்தில், 2005, 2006-ம் வருஷங்களில், சர்வதேச நாணய நிதியும் உலக பாங்கியும் மற்ற சர்க்கார்களும் ஜாம்பியாவின் கடனில் பெரும்பகுதியைத் தள்ளுபடி செய்தன. 2006 ஏப்ரலில் அந்நாட்டுக் கிராமாந்தர வைத்தியசாலைகளில் ஏழைகள் செலுத்தி வந்த கட்டணம் எடுபட்டது. கடன் நிவாரணம் என்பது கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியை அடிப்பது மட்டுமன்று. ஒரு தாய் தன் குழந்தையைக் காசில்லாமல் வைத்தியரிடம் எடுத்துச் செல்வதுமாகும்.

நிற்க. அந்தச் சுகம் நீடிக்கவில்லை. 2012, 2014, 2015 ஆகிய மூன்று வருஷங்களில் ஜாம்பியா சர்க்கார் அந்நிய மார்க்கெட்டில் 300 கோடி டாலருக்குக் கடன் பத்திரங்களை விற்றது. சீனாவிடமும் பெருங்கடன் வாங்கிற்று. 2020 நவம்பரில் ஒரு வட்டித் தவணையைச் செலுத்த முடியாமல் நொடித்தது. கடன் கொடுத்த சர்க்கார்கள் 630 கோடி டாலர் கடனைத் திருத்தியமைக்கச் சம்மதித்தது 2023 ஜூனில். கடன் பத்திரக்காரர்களுடன் விவகாரம் முடிந்ததோ 2024 ஜூனில். இடையில் மழை பொய்த்து, 2024 பிப்ரவரியில் அந்நாட்டு ஜனாதிபதி தேசிய ஆபத்துப் பிரகடனம் செய்ய நேர்ந்தது. டெட்ராய்டுக்குப் பதினேழு மாதம். ஜாம்பியாவுக்கு மூன்றரை வருஷத்திற்கு மேல்!

“ஊதாரித்தனமாக வாங்கியவர்கள் அனுபவிக்கட்டும்” என்று சிலர் சொல்லக்கூடும். லுஸாகாவில் ஆண்டவர்கள் முன்பின் யோசியாமல் கடன் வாங்கினார்கள் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் 2015-ல் விற்ற பத்திரத்திற்கு நூற்றுக்கு 9 வீதத்திற்குக் குறையாத லாபம் கேட்டவர்கள் எதற்காகக் கேட்டார்கள்? பணம் திரும்பாமற் போகலாம் என்ற அபாயத்திற்காகவே கேட்டார்கள். அபாயத்திற்கு முன்னதாகவே கூலி வாங்கிக்கொண்டு, அபாயம் வந்தபோது அதில் தமக்குப் பங்கில்லை என்று வாதிப்பதை எந்த நீதிமன்றம் ஒப்புக்கொள்ளும்? மேலும், கடன் வாங்கிய மந்திரி வேறு. பட்டினி கிடக்கும் குடியானவன் வேறு.

முன்மாதிரி இல்லை என்று சொல்வதற்கும் இடமில்லை. 1953 பிப்ரவரி 27-ல் லண்டனில் நடந்த உடன்படிக்கையில், மேற்கு ஜெர்மனியின் யுத்தத்திற்கு முந்திய கடனும் பிந்திய கடனும் ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கப்பட்டன. சர்க்கார்களின் கடனும் தனிப்பட்டவர்களின் கடனும் ஒரே ஏற்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டன. ஜெர்மனியின் செலுத்தும் சக்தியைக் கவனித்துத் தவணைகள் வகுக்கப்பட்டன. அதில் கையொப்பமிட்ட தேசங்களுள் இலங்கையும் ஒன்று. அதே இலங்கை 2022 ஏப்ரலில் தானே நொடித்தபோது, அதற்கு அப்படிப்பட்ட ஒரே ஏற்பாடு கிடைக்கவில்லை. சீனாவுடன் தனியாகவும், இந்தியா, ஜப்பான், பிரான்ஸ் முதலிய தேசங்களின் கமிட்டியுடன் தனியாகவும், பத்திரக்காரர்களுடன் தனியாகவும் பேரம் பேச வேண்டியிருந்தது.

தேசங்களுக்கும் திவால் முறை வேண்டும் என்று 2001-ல் சர்வதேச நாணய நிதியின் உயர் அதிகாரியான ஆன் க்ரூகர் அம்மையாரே யோசனை கூறினார்; அமெரிக்காவின் எதிர்ப்பால் 2003-ல் அது கைவிடப்பட்டது. 2014 செப்டம்பரில் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபையில் இதைப் பற்றிய தீர்மானத்தை 124 தேசங்கள் ஆதரித்தன, எதிர்த்தவை 11. அந்தப் பதினொன்றில் ஜெர்மனியும் ஒன்று! ஏறிவந்த ஏணியை உதைத்துத் தள்ளுவது இதுவல்லவா? டொனிகால் வழக்கினால் விழித்துக்கொண்ட பிரிட்டிஷ் பார்லிமெண்டு, நிவாரணம் பெற்ற ஏழைத் தேசங்களைக் கழுகுக் கம்பெனிகள் கொத்தாதபடி 2010-ல் ஒரு சட்டம் செய்தது. ஒரு பார்லிமெண்டு மனம் வைத்தால் இது நடக்கும் என்பதற்கு அதுவே சாட்சி.

இந்தியா இன்று கடன் கொடுக்கும் தேசமாகவும் இருக்கிறது. ஆகையால் நமது கடமை இரட்டித்திருக்கிறது. நாம் கேட்பவை மூன்று. பேச்சு நடக்கும் காலத்தில் வசூலும் வழக்கும் நிற்க வேண்டும். சர்க்கார், பாங்கி, பத்திரக்காரர் யாவரும் ஒரே மேஜைக்கு வந்து ஒரே விகிதத்தில் நஷ்டத்தை ஏற்க வேண்டும். கடன் கொடுத்தவர்கள் பிடியில் இராத ஒரு மத்தியஸ்த சபை ஐக்கிய நாடுகளின் கீழ் அமைய வேண்டும். சென்னை மாகாணத்துக் குடியானவனுக்கு 1938-ல் சட்டம் அளித்த நியாயத்தை ஆப்பிரிக்கக் குடியானவனுக்கும் அளிக்கும்படி உலக சபைகளில் வாதாட நமது சர்க்கார் முன்வருமா? முன்வரும்படி செய்ய வேண்டியது பொது ஜனங்களின் பொறுப்பு.