எழுத்தா? விரிசலா?

புதுச்சேரி செயிண்ட் லூயி வீதியில் இருக்கிறது, 1955-ம் ஆண்டில் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். ஆயிரக்கணக்கான ஓலைச்சுவடிகள் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. புதுச்சேரியின் சைவச் சுவடித் தொகுப்பை 2005-ல் யுனெஸ்கோ, 'உலக நினைவகம்' பட்டியலில் சேர்த்தது.

ஓலை நாளடைவில் பொடிந்துபோகும். ஆகவே ஏடுகளைப் படம் எடுத்து, கம்ப்யூட்டரில் சேமித்திருக்கிறார்கள். ஓலையைத் தொடாமலே திரையில் படிக்கலாம்.

இங்கேதான் சிக்கல். எழுத்தாணிக் கீறல் முடி போல மெல்லியது. திரையில் தெரிவது எழுத்தா, விரிசலா, பூச்சி அரித்த தடமா? தவறாகப் படித்தால் சொல்லே மாறிவிடும்!

மூன்றே அரைக்கால் கணக்கு

படம் என்பது சிறு சிறு சதுரங்களின் தொகுதி. இவற்றைப் 'பிக்சல்' என்பார்கள். ஓர் ஏட்டின் படம் 6,000 பிக்சல் நீளம் என்று வைத்துக்கொள்வோம். திரையின் அகலமோ 1,920 புள்ளிகள்தான். முழு ஏடும் தெரிய வேண்டுமானால் 32 சதவீதமாகச் சுருக்க வேண்டும். அப்போது நீளவாக்கில் மூன்றே அரைக்கால் பிக்சலுக்கு ஒரு புள்ளிதான் கிடைக்கும்!

கம்ப்யூட்டர் என்ன செய்யும்? அவசரத்துக்கு ஒரு பிக்சலை எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட்டால், மெல்லிய கோடு அங்கங்கே அறுந்து தெரியும். வளைவுகள் ரம்பப் பல்லாகும். ஒரே கனமுள்ள இரு கோடுகளில் ஒன்று தடித்தும் மற்றது மெலிந்தும் காணும்.

50 சதவீதத்தில் இந்தத் தொல்லை குறைவு. நான்கு பிக்சல்களின் சராசரி, சரியாக ஒரு புள்ளியாகும். 100 சதவீதத்தில் ஒரு பிக்சலுக்கு ஒரு புள்ளி. கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை. 200-க்குப் போனால் ஒவ்வொரு பிக்சலும் நான்கு புள்ளிகளாகப் பெருக்கும். எழுத்து பெரிதாகுமே தவிர, புதிதாக எதுவும் தெரியாது.

2008-ல் வந்த ஃபோட்டோஷாப் பதிப்பு, திரைப்பட அட்டையின் உதவியால் இடைப்பட்ட அளவுகளிலும் படத்தைச் சீராகக் காட்டத் தொடங்கியது. ஆனாலும் சுருக்கிய படம் சுருக்கிய படம்தான்.

கெடுவது எப்போது?

எத்தனை முறை பெரிதாக்கினாலும் சுருக்கினாலும் மூலப்படம் மாறுவதில்லை, காட்சிதான் மாறுகிறது. சுருக்கிய காட்சியை நம்பி, "கோடு மங்கல்" என்று கூர்மையைக் கூட்டி, அதே பெயரில் சேமித்தால்தான் ஆபத்து. பிறகு விரிசலும் எழுத்தாக எழுந்து நிற்கும்!

ஏட்டுக்கு மட்டுமல்ல, தாத்தாவின் பழைய கல்யாணப் படத்துக்கும் இதே விதிதான். முழுப் படத்தையும் பார்க்கச் சுருக்கலாம். தெளிவை எடைபோட 100 சதவீதத்தில் பார்க்க வேண்டும். திருத்துவதானால், மூலத்தைத் தொடாமல் நகலில் திருத்த வேண்டும்.