உள்ளங்கைக்கும் உணவுக்குழாய்க்கும் என்ன உறவு?

உணவுக்குழாயில் வரும் புற்று ஒன்றல்ல. செதிள் செல் புற்று, சுரப்பி செல் புற்று என முக்கியமாக இரண்டு. போன வாரம் இங்கேதான் நிறுத்தினோம். இந்த வாரம் இரண்டின் மரபணுக்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். அதற்காகப் படிக்கும்போது லிவர்பூலின் இரண்டு குடும்பங்கள் எதிர்ப்பட்டன. அவர்களைக் கடந்து போக மனம் வரவில்லை.

அந்தக் குடும்பங்களில் சிலருக்குச் சிறு வயதிலேயே உள்ளங்கையும் பாதமும் தடித்துவிடும். மண்வெட்டி பிடித்துக் காய்த்த கை போலிருக்கும். ஆனால் பெற்றவர் வழியாக வந்த காய்ப்பு. டைலோசிஸ் என்பார்கள். 1958இல் ஹோவெல்-எவன்ஸ் என்ற மருத்துவரும் சகாக்களும் கணக்கெடுத்தார்கள். தோல் தடித்த 48 பேரில் 18 பேருக்கு உணவுக்குழாய்ப் புற்று வந்திருந்தது. தடிக்காத உறவினர்கள் 87 பேரில் ஒரே ஒருவருக்கு! டிஎன்ஏவைப் படிக்கும் கருவி எதுவும் இல்லாத காலம். விரித்துக் காட்டிய கையைப் பார்த்தே, யாருக்கு ஆபத்து என்று சொல்ல முடிந்தது.

அந்தக் கட்டுரையில் இன்னும் இரண்டு பெயர்கள்: சிரில் கிளார்க், பிலிப் ஷெப்பர்ட். கிளார்க் மருத்துவர், ஷெப்பர்ட் மரபியலாளர். இருவரையும் சேர்த்துவைத்தவை பட்டாம்பூச்சிகள். வால் நீண்ட அழகிப் பட்டாம்பூச்சிகளைக் கலப்பினம் செய்து, இறகின் கோலம் தலைமுறை தாண்டும் விதத்தை ஆராய்ந்தார்கள். அந்த ஆர்வம் கிளார்க்கை ஆர்.எச். ரத்த வகைக்கு இழுத்துப் போனது. ஆர்.எச். நெகடிவ் தாய்மாருக்கு இன்று போடும் ‘ஆன்ட்டி-டி’ ஊசி உருவானதில் அவருடைய லிவர்பூல் குழுவுக்குப் பெரும் பங்குண்டு. எத்தனை குழந்தைகள் பிழைத்தன!

டைலோசிஸுக்கு வருகிறேன். குற்றவாளி மரபணு 2012இல்தான் பிடிபட்டது: 17ஆம் குரோமோசோமில் உள்ள ஆர்எச்பிடிஎஃப்2. செல்களுக்கு ‘வளர்’ என்று சொல்லும் சமிக்ஞையோடு தொடர்புடையது. உள்ளங்கைத் தோலும் உணவுக்குழாயின் உள்விரிப்பும் ஒரே சாதிச் செதிள் செல்களால் ஆனவை. அதனால்தான் இக்குடும்பங்களைத் தாக்குவது செதிள் வகை.

2017இல் வெளியான டிசிஜிஏ (புற்று மரபணு அட்லஸ்) திட்டத்தின் ஆய்வு, 164 உணவுக்குழாய்க் கட்டிகளின் மரபணுக்களை அலசி, புற்றின் குணம் செல்லின் வகையைப் பொறுத்தது என்ற இதே உண்மையைப் பெரிய அளவில் காட்டியது. செதிள் வகைக்கு நெருங்கிய சொந்தம் வாய், தொண்டைப் பகுதியின் செதிள் புற்றுகள். சுரப்பி வகைக்கோ இரைப்பைப் புற்று. ஒரே வீட்டில் குடியிருக்கும் இருவர், ஆனால் உறவினர் வேறு வேறு ஊரில். டிபி53 இரண்டிலும் பெரும்பாலும் சேதமாகியிருக்கும். அதன்பின் வழி பிரிகிறது: செதிள் வகையில் சாக்ஸ்2, டிபி63 மரபணுக்களின் பிரதிகள் பெருகுகின்றன, சுரப்பி வகையில் ஹெர்2, ஜிஏடிஏ4, ஜிஏடிஏ6. இரண்டையும் ஒரே நோயாக எண்ணி மருந்துச் சோதனையில் சேர்ப்பது இனியும் நியாயமில்லை.

மார்பகப் புற்றில் நமக்குப் பழக்கமான ஹெர்2, உணவுக்குழாயின் அடிப்பகுதியில் என்ன செய்கிறது? நெஞ்செரிச்சலில் தொடங்க வேண்டிய கதை அது. அடுத்த வாரம்.