பஸ் தரிப்பிடம் கட்டிக் கொடுக்க விரும்புவோர் கவனத்திற்கு

பெற்றோரின் பெயரால் ஸதகதுல் ஜாரியாவாக பஸ் தரிப்பிடம் கட்டிக் கொடுக்க நம்மவர்கள் சிலர் முன்வருகின்றனர். கடையின் பெயரைப் பொறித்துக் கட்டுவோரும் உள்ளனர். இரண்டும் நல்ல காரியமே. ஆனால் மழை வந்தால் உள்ளே நிற்பவரும் குடை விரிக்க வேண்டும் என்றால், அந்தப் பெயர்ப் பலகை நமக்கு என்ன பெயரைத் தேடித் தரும்?

இவ்விடயத்தில் குளிர் நாடுகளிடம் கற்க நிறைய உண்டு. கனடாவின் எட்மன்டனில் 1978 இலும், கல்கரியில் 1981 இலும் இலகு ரயில் ஓடத் தொடங்கியது. குளிர் பூச்சியத்துக்குக் கீழே 30 பாகை வரை இறங்கும் ஊர்கள் அவை. அங்கு முதல் எதிரி குளிரல்ல, காற்றுத்தான். ஆகவே முதலில் காற்று வரும் பக்கத்தை மறைக்கிறார்கள். மறைப்பு கண்ணாடியாக இருப்பதால் வரும் ரயிலும் தெரியும், உள்ளே நிற்பவரும் வெளியே தெரிவார். இரவில் பெண்களுக்கு அது பெரிய பாதுகாப்பு. திறந்த இடத்தில் காற்றைச் சூடாக்குவது வீண் செலவு. எனவே மேலிருந்து ஆளின் மீதே வெப்பம் படும்படி ஹீட்டர் பொருத்துகிறார்கள். 2004 இல் இலகு ரயில் தொடங்கிய அமெரிக்காவின் மினியாபோலிஸில், பயணி பொத்தானை அழுத்தினால்தான் ஹீட்டர் எரியும். சற்று நேரத்தில் தானே அணைந்துவிடும். கரண்ட் பில்லைக் கணக்குப் பார்க்கும் நமக்கு இது நன்றாகவே விளங்கும்.

நமக்கு ஹீட்டர் தேவையில்லை. 1880 இல் மாத்தளைக்கு வந்த ரயில் பாதை இன்றும் இங்கேயே முடிகிறது. கொழும்பின் இலகு ரயில் திட்டமும் 2020 இல் நிறுத்தப்பட்டது. நமது சனம் காத்து நிற்பது பஸ்ஸுக்கே. ஆனால் காற்றைப் பற்றிய பாடம் ரத்தோட்டை, ரிவஸ்டன் பக்கத்துக்கு அப்படியே பொருந்தும்.

கணக்கு இலகுவானது. மழை 45 பாகை சரிந்து அடித்தால், 10 அடி உயரக் கூரையின் கீழ் 10 அடி உள்ளே வரும். தரிப்பிடத்தின் அகலமோ 6 அடி! கம்பீரமாகத் தெரியட்டும் என்று கூரையை உயர்த்துவது காசு கொடுத்து நனைவதுதான். ஏழரை அடி போதும். ஆனால் அதுவும் தனியே மழையைத் தடுக்காது. வடகீழ்ப் பருவக் காற்று வரும் பக்கத்தில் சுவர் வேண்டும். அதன் அடியில் நீர் வடிய ஓர் இடைவெளி விட வேண்டும். பஸ் வரும் திசையைச் சுவரால் அடைக்கக் கூடாது. அங்கே காற்றடித்தால் கண்ணாடியோ, ஒளி புகும் தகடோ போடலாம்.

கொத்தனாரைப் பேசுமுன் ஒரு மழை நாளில் அந்த இடத்தில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். ஏ9 வீதியோரம் என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் அனுமதியை முதலில் எழுத்தில் பெறுங்கள். வீதியை அகலமாக்கும்போது அனுமதியில்லாத கட்டடம்தான் முதலில் உடைபடும்.