கிரகணத்தைத் தரையில் பாருங்கள்



2019 டிசம்பர் 26 காலையில் பிடித்த சூரிய கிரகணம் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். கோயம்புத்தூர், ஈரோடு, கரூர், திண்டுக்கல் பக்கமெல்லாம் சூரியன் வளையல் மாதிரி தெரிந்தது. அதே போன்ற வளையக் கிரகணம் 2031 மே 21 அன்று மதுரை வழியாகப் போகிறது. உச்சி வெயில் நேரம். பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை வேறு. பிள்ளைகள் தெருவிலும் தோட்டத்திலும்தான் நிற்பார்கள்.

கிரகண வெயிலில் விஷம் இருக்கிறது என்று ஒரு பேச்சு உண்டு. அப்படி எதுவும் கிடையாது. தினமும் களத்தில் நெல்லைக் காய வைக்கிற அதே வெயில்தான். வேலைக்குப் போகலாம், சாப்பிடலாம். பிறகு ஏன் கண் கெடுகிறது? மற்ற நாளில் சூரியனைப் பார்த்தால் கூசும், உடனே முகத்தைத் திருப்பிக்கொள்வோம். கிரகணத்தன்று முக்கால்வாசி மறைந்ததும் வெளிச்சம் மங்கும். கூச்சமும் குறையும். ‘இப்ப பாத்தா ஒண்ணும் ஆகாது’ன்னு தோணும். மங்கலுக்கு ஏற்ப கண்ணின் பாப்பாவும் அகலமாகத் திறந்துகொள்ளும். ஆனால் மறையாமல் நிற்கிற கீற்றின் உக்கிரம் கொஞ்சமும் குறைவதில்லை. பூதக்கண்ணாடி வெயிலைக் குவிப்பதுபோல கண்ணுக்குள் இருக்கும் வில்லை அதைக் குவித்து, விழித்திரையைப் புண்ணாக்கிவிடுகிறது.

விழித்திரைக்கு வலி தெரியாது. இதுதான் பெரிய ஆபத்து. கையில் நெருப்புப் பட்டால் இழுத்துக்கொள்கிறோம். இங்கே சுடுவதே தெரியாது. சில மணி நேரம் கழித்து, எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு கறை மறைக்கும். ஓரப் பார்வை இருப்பதால் நடமாடலாம். ஊசியில் நூல் கோக்க முடியாது, இலைக்கு அடியில் அசுவினி இருக்கிறதா என்று பார்க்க முடியாது, புத்தகம் படிக்க முடியாது. சிலருக்கு மாதக்கணக்கில் தேறும். சிலருக்குத் தேறாமலே நின்றுவிடும். நிச்சயமாகக் குணப்படுத்தும் மருந்து இதற்கு இல்லை.

புகை பிடித்த கண்ணாடி, எக்ஸ்ரே பிலிம், கூலிங் கிளாஸ் எதுவும் வேண்டாம். கூச்சத்தை மட்டும் குறைத்து, அதிக நேரம் பார்க்க வைத்துவிடும். சாணித் தண்ணீரில் பார்ப்பது பெரியவர்கள் காட்டிய வழி. அண்ணாந்து பார்ப்பதைவிட மேல்தான். ஆனால் தண்ணீரில் தெரிகிற சூரியனும் கண்ணுக்கு அதிகம். வெல்டிங் கண்ணாடி என்றால் 14-ஆம் எண் கண்ணாடியாகக் கேட்டு வாங்குங்கள். கேஸ் வெல்டிங்குக்கு வைத்திருப்பது போதாது. கிரகணக் கண்ணாடி என்று விற்பதில் கீறலோ ஓட்டையோ இருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

செலவில்லாத வழி உங்கள் அடுப்படியிலேயே இருக்கிறது. துளை போட்ட இட்லித் தட்டை எடுத்து, தலைக்கு மேல் வெயிலில் பிடியுங்கள். தரையில் ஒரு வெள்ளை வேட்டியை விரியுங்கள். ஒவ்வொரு துளைக்கும் ஒரு குட்டிச் சூரியன் வேட்டியில் விழும். முதலில் கடித்த அப்பளம் மாதிரி, பிறகு பிறை, பிறகு வளையம். புளிய மரத்து நிழலுக்குள் விழும் வெளிச்சப் பொட்டுகளும் அப்படியே மாறும். ஊரே சுற்றி நின்று பார்க்கலாம். துளை வழியாக மேலே மட்டும் யாரும் பார்க்கக் கூடாது. வளையம் முழுசாகத் தெரிகிற அந்தச் சில நிமிடங்களிலும் இதே கட்டுப்பாடுதான்.

யாராவது பார்த்துவிட்டு ‘நடுவில் மறைக்குது’ என்று சொன்னால் விளக்கெண்ணெய், தாய்ப்பால், பச்சிலைச் சாறு என்று எதையும் கண்ணில் விடாதீர்கள். அன்றைக்கே கண் டாக்டரிடம் கூட்டிப் போய், கிரகணம் பார்த்ததைச் சொல்லிக் காட்டுங்கள்.