19 மார்க்கை வேண்டாம் என்ற அக்கா – ரோமில் படிப்பது எப்படி?

போன மாதம் நம் சுவர் இதழ் கேள்விப் பெட்டியில், ‘வெளிநாட்டில் போய்ப் படிப்பது எப்படி இருக்கும்?’ என்று இரண்டு பேர் சீட்டு போட்டிருந்தீங்க. எங்க பெரியம்மா பொண்ணு இத்தாலியில், ரோம் நகரத்தில் பண்டைய வரலாறு எம்.ஏ. படிக்கிறாங்க. அது தெரிந்த தமிழ் ஐயா, “நீயே எழுது” என்று சொல்லிவிட்டார். அக்காவிடம் வாட்ஸ்அப்பில் கேட்டுக் கேட்டு எழுதினேன். நமக்கும் அவங்களுக்கும் மூன்றரை மணி நேரம் வித்தியாசம், குளிர்காலத்தில் நாலரை. அதனால் நான் தூங்கப் போகும்போதுதான் அவங்க ஃப்ரீ ஆவாங்க.

ரோம் என்றால் நமக்கு கொலோசியமும் போப்பும்தான் நினைவுக்கு வரும். நம்ம பக்கத்துப் பாதிரியார்கள், கன்னியாஸ்திரிகள் சிலர் அங்கே படித்துவிட்டு வந்ததைக் கேள்விப்பட்டிருப்பீங்க. அவர்கள் பெரும்பாலும் திருச்சபை நடத்தும் பல்கலைக்கழகங்களில் படிப்பவர்கள். அதில் கிரகோரியன் பல்கலைக்கழகம் 1551-ல் ஒரு சின்னக் கல்லூரியாகத் தொடங்கியது. 1582-ல் நாம் இன்று சுவரில் மாட்டும் காலண்டரைத் திருத்தியபோது அதற்குக் கணக்குப் போட்டவர்களில் ஒருவரான கிளாவியஸ் அந்தக் கல்லூரி ஆசிரியர்தான். (அந்த வருடம் அக்டோபர் 4-க்கு அடுத்த நாள் அக்டோபர் 15! நடுவில் பிறந்தநாள் வந்தவர்கள் பாவம்.)

அக்கா படிப்பது அங்கே இல்லை, சபியென்சா என்ற அரசுப் பல்கலைக்கழகத்தில். அதுவும் 1303-ல் ஒரு போப் தொடங்கியதுதான், பிறகு அரசுடையதாகிவிட்டது. வளாகத்தின் நடுவில் ரோமானியர்களின் அறிவுத் தெய்வம் மினர்வாவுக்கு ஒரு சிலை இருக்கிறது. பரீட்சை முடிந்து பட்டம் வாங்கும்வரை அந்தச் சிலையின் கண்ணைப் பார்க்கக் கூடாதாம், பார்த்தால் பட்டம் கிடைக்காதாம்! அக்காவும் தலையைக் குனிந்துகொண்டேதான் போறாங்களாம். நம்ம ஊர்ல மட்டும்தான் இதெல்லாம்னு நினைச்சேன்.

போவதற்கு என்ன செய்யணும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் நடக்கும் பாடப்பிரிவுகள் இருக்கின்றன. பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததும் இத்தாலி அரசின் யூனிவர்சிட்டாலி இணையதளத்தில் பதிவு செய்து, பிறகு மாணவர் விசா கேட்கணும். ஒரு வருடச் செலவுக்குப் பணம் இருப்பதாக வங்கிக் கணக்கும் காட்டணும். அங்கே இறங்கிய 8 நாளுக்குள் போஸ்ட் ஆபீஸில் ஒரு உறையை வாங்கி, அதிலுள்ள படிவங்களை நிரப்பி, தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்கணும். அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் பொதுவாகக் குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. வருமானம் குறைந்தவர்களுக்கு உதவித்தொகை உண்டு, அதோடு கேன்டீன் சாப்பாடும் உண்டு. பெரியப்பா பஸ் கண்டக்டர். விமான டிக்கெட்டுக்கும் முதல் மாச வாடகைக்கும் பெரியம்மாவின் செயின் அடகுக் கடைக்குப் போனது. உதவித்தொகை கிடைத்ததால்தான் அக்கா அங்கே இருக்க முடியுது.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். அங்கே நிறையப் பரீட்சைகள் வாய்மொழிப் பரீட்சை. பேராசிரியர் எதிரே உட்கார்ந்து பதில் சொல்லணும். மற்ற மாணவர்களும் அதே அறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கலாம்! மொத்தம் 30 மார்க், 18 எடுத்தால் பாஸ். எடுத்த மார்க் பிடிக்கவில்லை என்றால் “வேண்டாம்” என்று சொல்லிவிட்டு அடுத்த தடவை மறுபடி எழுத, இல்லையில்லை, பேச வரலாம்.

அக்கா ஜூன் மாதம் ரோம் நகர வரலாறு பேப்பருக்குப் போனாங்க. கேள்வி, கொலோசியத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சான் கிளெமென்தே கோவிலைப் பற்றி. அது ஒரு கோவில் இல்லை, அடுக்கு. மேலே இருப்பது 12-ஆம் நூற்றாண்டுக் கோவில். அதற்குக் கீழே 4-ஆம் நூற்றாண்டுக் கோவில் ஒன்று மண் நிரப்பி மூடப்பட்டிருந்தது. அதற்கும் கீழே 1-ஆம் நூற்றாண்டு ரோமானியக் கட்டடங்கள், அதில் மித்ரா என்ற தெய்வத்துக்கு ஒரு சின்னக் கோவில். 1857-ல் முலூலி என்ற அயர்லாந்துப் பாதிரியார் தோண்ட ஆரம்பித்த பிறகுதான் கீழே இருப்பது வெளியே வந்தது. அக்கா இதையெல்லாம் வருடம் தப்பாமல் கடகடவென்று ஒப்பித்தாங்க. நாம் ஒப்பிப்போமே, அதே மாதிரி.

இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு அந்த மேடம் கையைத் தூக்கி நிறுத்தி, “நீங்க கீழே இறங்கிப் பார்த்தீங்களா?” என்றாராம். அக்கா “இல்லை” என்றாங்க. “அந்தச் சுவர் ஓவியத்தில் யார் எந்த மொழியில் பேசுறாங்க?” அக்காவுக்குப் பதில் வரவில்லை. புத்தகத்தில் அந்தப் பக்கம் இருந்ததாம், பரீட்சைக்கு வராதுன்னு விட்டுட்டாங்க.

19 மார்க்.

அக்கா ஒரு நிமிடம் யோசித்துவிட்டு “வேண்டாம்” என்றாங்க. அன்று ராத்திரி எங்க வீட்டில் ஸ்பீக்கரில் நடந்த சண்டையை நானே கேட்டேன். “பாஸ் ஆன மார்க்கை யாராவது வேண்டாம்னு சொல்வாங்களா? உனக்கு என்ன கிறுக்கா?” என்று பெரியப்பா கத்தினார். அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. முதல் வருடம் ஆகஸ்டுக்குள் குறிப்பிட்ட அளவு கிரெடிட் சேரவில்லை என்றால் உதவித்தொகையின் அடுத்த தவணை வராது. ஜூலையில் போய்விட்டால் செயினை எப்படி மீட்பது? பெரியம்மா மட்டும் ஒன்றுமே பேசவில்லை. அக்கா, “தெரியாம வாங்கின மார்க்குப்பா அது” என்று மட்டும் சொன்னாங்க.

மறுநாளே டிக்கெட் வாங்கிக்கொண்டு அந்தக் கோவிலின் கீழே இறங்கினாங்க. படி இறங்க இறங்கக் குளிருமாம். அடித்தளத்தில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்குமாம், சுவருக்குப் பின்னால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நடு அடுக்கில்தான் அந்த ஓவியம், 11-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வரைந்தது. சிசின்னியஸ் என்ற பெரிய மனிதர் புனித கிளெமென்தைக் கட்டி இழுத்து வரச் சொல்கிறார். வேலைக்காரர்கள் இழுப்பதோ ஒரு கல் தூணை! அது புனிதர் என்றே நினைத்து இழுக்கிறார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், படத்திலேயே அவரவர் பேச்சும் எழுதியிருக்கிறது, நம்ம காமிக்ஸ் மாதிரி. புனிதரின் வார்த்தை லத்தீனில், அதாவது எழுத்து மொழியில். சிசின்னியஸ் வேலைக்காரர்களைத் திட்டுவது மக்கள் பேசும் மொழியில், அதுவும் கெட்ட வார்த்தையோடு! இத்தாலிய மொழி எழுத்தில் வந்த மிகப் பழைய சான்றுகளில் அதுவும் ஒன்று. மேடையில் செந்தமிழும் மைதானத்தில் வேறு தமிழும் பேசும் நமக்கு இது சட்டென்று புரியும். அக்கா அங்கேயே நின்று சிரித்துவிட்டாங்களாம்.

அதற்கப்புறம் ஒவ்வொரு பாடத்தையும் இடத்தில் போய் நின்று பார்த்துத்தான் படிச்சாங்க. பாந்தியன் கோவிலின் கூரை 43 மீட்டர் அகலம், நடுவில் ஒரு பெரிய வட்ட ஓட்டை, மழை உள்ளேயே பெய்யும். ரோமானியர்களின் தெய்வங்களுக்குக் கட்டியது, 609-ல் கிறிஸ்தவக் கோவில் ஆனது. அதனால்தான் இடிக்காமல் தப்பித்தது என்று அக்கா சொன்னாங்க. போக வர வழியில் தெருக்குழாய்த் தண்ணீரே குடிப்பாங்களாம். அப்படி 2,000-க்கும் மேல் குழாய்கள் இருக்கு, காசு கிடையாது.

ஜூலையில் மறுபடி அதே மேடம். இந்தத் தடவை கேட்டது வேறு கேள்வி, பாந்தியன் பற்றி. முந்தின வாரம்தான் அக்கா அதற்குள் மழையில் நின்றிருந்தாங்க. 27 மார்க். இந்தத் தடவை “வேண்டாம்” சொல்லவில்லை. தவணையும் வந்தது. செயின் இன்னும் வரவில்லை, பொங்கலுக்குள் மீட்டுவிடலாம் என்று பெரியப்பா சொல்கிறார்.

பட்டம் வாங்கும் அன்று அங்கே தலையில் லாரல் இலைக் கிரீடம் வைப்பார்கள், பழைய ரோமானியர்கள் வெற்றி பெற்றவர்களுக்கு வைத்த மாதிரி. பட்டத்தின் பெயரே ‘லௌரெயா’தான், அந்த இலையிலிருந்து வந்தது. அதற்கு இன்னும் ஒரு வருடம் இருக்கு. அதுவரை மினர்வா பக்கம் பார்வை போகாது.

அக்கா அனுப்பிய ஃபோட்டோவைப் பார்த்து, தூணை இழுக்கும் வேலைக்காரர்களை வரைந்து கீழே ஒட்டியிருக்கிறேன். கயிறு சரியா வரலை, மன்னிச்சுக்கோங்க. தயவுசெய்து யாரும் கிழிக்காதீங்க.

– பதினோராம் வகுப்பு ‘இ’ பிரிவு மாணவி