எக்ஸாஸ்ட் ஃபேனை அணைத்தது யார்?

சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் மதியக் கூட்டம் மொய்க்கும் ஒரு சாப்பாட்டுக் கடை. பின்கட்டில் தோசைக்கல் புகைகிறது, மேலே எக்ஸாஸ்ட் ஃபேன் சுழல்கிறது. அதன் சுவிட்சருகே ஓர் ஆள் நிற்பதாக வைத்துக்கொள்வோம். புகை கூடினால் வேகத்தைக் கூட்டுவார். முதலாளி தூங்கினாலும் இவர் தூங்கமாட்டார்.

முகுளத்தில் உள்ள ப்ரீபாட்சிங்கர் என்ற சின்னஞ்சிறு நரம்பணுக் கூட்டம்தான் அந்த ஆள். 1991இல்தான் இதன் வேலை புரிந்தது. நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை இது போடும் மூச்சுத் தாளம் கழுத்து நரம்பு வழியே இறங்கி உதரவிதானத்தை இழுக்கிறது. ரத்தத்தில் சேரும் கார்பன் டை ஆக்சைடுதான் புகை.

கல்லாவிலிருந்தும், அதாவது மேல்மூளையிலிருந்தும், உத்தரவு வரும்: பேசணும், விழுங்கணும், கொஞ்சம் நிறுத்து. நிறுத்துவார். ஆனால் புகை மண்டிவிட்டால் யார் பேச்சையும் கேட்காமல் ஃபேனைப் போட்டுவிடுவார். மூச்சைப் பிடித்துக்கொண்டு எத்தனை நேரம்தான் இருக்க முடியும்?

வலிப்பு வந்தால் கல்லாப் பக்கம் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். உடம்பு விறைக்கும்போது மார்புத் தசைகளும் இறுகி, ஃபேன் இறக்கையே சிக்கிக்கொள்கிறது. உதடு நீலம் பாரிக்கும். இது கண்ணுக்குத் தெரிவது.

எனக்கு அதைவிடப் பயம் தருவது கண்ணுக்குத் தெரியாததுதான். 2015இல் அமெரிக்காவின் அயோவாவில், வலிப்பு சிகிச்சைக்காக மூளைக்குள் மின்முனை பொருத்தியிருந்தவர்களின் அமிக்டலா என்ற மூளைப் பகுதியை மருத்துவர்கள் தூண்டிப் பார்த்தார்கள். மூச்சு நின்றது. விழித்திருந்தும் அவர்களுக்கு அது தெரியவில்லை, மூச்சுமுட்டவும் இல்லை. சுவிட்சை அணைத்த கை, அந்த ஆளின் மூக்கையும் பொத்திவிட்டது!

உதறல் அடங்கியதும் ஆபத்து தீர்ந்தது என்று நினைக்கிறோம். மருத்துவமனைக் கண்காணிப்பில் இருக்கும்போதே வலிப்பால் இறந்தவர்களின் பதிவுகளை 2013இல் ஆராய்ந்தபோது, வலிப்பு நின்ற சில நிமிடங்களில் முதலில் மூச்சு, பிறகுதான் இதயம் ஓய்ந்தது தெரிந்தது. பலர் குப்புறக் கிடந்தவர்கள்.

ஆகவே தேக்காவிலோ ரயிலிலோ யாராவது விழுந்தால் சாவிக்கொத்தைத் தேட வேண்டாம், வாயில் எதையும் திணிக்க வேண்டாம். உதறல் தணிந்ததும் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், மார்பு ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, நின்றபின் மூச்சு திரும்பாவிட்டாலோ உடனே 995க்கு அழைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். மூச்சு இல்லையென்றால், நெஞ்சை எப்படி அழுத்துவது என்று தொலைபேசியிலேயே சொல்லித்தருவார்கள்.